நூறு படங்களை ஒரே தடவையில் திருத்த நாமே எழுதும் கருவி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சின்னதாக ஒரு தொழில் வைத்துக்கொண்டு ஆன்லைனிலும் விற்கிற எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேலை உண்டு: போட்டோ. வடசேரியில் கோவில் நகை செய்கிறவர் ஒரு செட்டுக்குப் பத்துக் கோணத்தில் எடுக்கிறார். தோவாளையில் மாலை கட்டி வெளியூருக்கு அனுப்புகிறவர் தினமும் எடுக்கிறார். முட்டத்தில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர் அறை அறையாக எடுக்கிறார். எடுப்பதற்கு அதிக நேரம் ஆகாது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, நிமிர்த்தி, சின்னதாக்கி, கடைப் பெயரைப் பதித்து, வேறு பெயரில் சேமிக்கிற வேலைதான் ராத்திரி வரை இழுக்கும்.

இந்த இழுவையைக் கணினியிடம் தள்ளிவிடுவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நிரல் எழுதிப் பழக்கமே இல்லாதவர்களும் தொடங்கலாம். பைத்தான் மொழியில் ஒரு நூறு வரிக்குள் முடிகிற காரியம் இது. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வர்ட், இமேஜ்மேஜிக் என்று இதற்கு ஏற்கெனவே கருவிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நல்ல கருவிகள்தான். வெறும் அளவு மாற்றம் மட்டும் போதுமென்றால் அவற்றோடு நின்றுகொள்ளுங்கள், புதிதாக எழுத வேண்டாம். ஆனால் உங்கள் வேலைக்கென்று ஒரு வரிசை இருக்கும்: நகைப் படமா, இந்த அளவு, கடை முகப்பா, வேறு அளவு, பெயர் கீழே வலப்பக்கம், கோப்பின் பெயரில் பொருள் எண். பொதுவான கருவியில் இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் அமைக்க வேண்டும், அல்லது அமைத்து வைத்ததை யாராவது மாற்றிவிடுவார்கள். நாமே எழுதினால் நமக்கு வேண்டிய மூன்று பட்டன் மட்டும் இருக்கும்.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, ஒரு படத்துக்கு நீங்கள் செய்கிறதை வரிசையாக எழுதுங்கள். எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: எல்லாப் படத்துக்கும் இது ஒரே மாதிரிதானா, இல்லை படத்தைப் பார்த்து முடிவு செய்கிறேனா?

1600 பிக்சலுக்குச் சுருக்குவது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பெயர் பதிப்பதும் அப்படியே. கருவியிடம் கொடுங்கள். கடலின் அடிவானம் சாய்ந்திருப்பதை நேராக்குவது அப்படியல்ல. ஒரு படம் இடப்பக்கம் சாயும், அடுத்தது வலப்பக்கம் சாயும். வெளிச்சம் கூட்டுவதும் அப்படித்தான். இவற்றைக் கண்ணால்தான் செய்ய வேண்டும்.

வெளிச்ச விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக எழுதுகிற எல்லோருக்கும் ‘ஆட்டோ’ என்ற பெயரில் ஒரு பட்டன் வைக்க ஆசை வரும். படங்களைக் கையாளப் பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பான பில்லோ நூலகத்தில் ஆட்டோகான்ட்ராஸ்ட் என்று ஒரு செயற்கூறு, அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டு, இருக்கிறது. அதை அப்படியே கூப்பிட்டால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் கடைசி எல்லை வரை இழுத்துவிடும். கன்னியாகுமரியில் சாயங்காலம் எடுத்த படத்தை நினைத்துப் பாருங்கள். அதில் சிவப்பு நிறைய, நீலம் கொஞ்சம். அதனால்தான் அது செக்கச்செவேலென்று இருக்கிறது. கருவி அந்தக் கொஞ்ச நீலத்தைப் பிடித்து முழு அளவுக்கு இழுத்ததும் செம்மை கரைந்து, மத்தியானம் மாதிரி ஒரு வெளிறிய படம் கிடைக்கும். நூறு படத்தில் எண்பது நன்றாக வந்தாலும், போட்டோகிராபர் உயிரைக் கொடுத்து எடுத்த அந்த இருபது நாசமாகும். கட்டாயம் வேண்டுமென்றால் பிரிசர்வ்_டோன் என்ற விருப்பத்தை ட்ரூ என்று வைத்துக் கூப்பிடுங்கள். நிறங்களைத் தனித்தனியாக இழுக்காது. என் கருத்தைக் கேட்டால், மொத்தமாகத் திருத்துகிற கருவியில் இந்தப் பட்டனே வேண்டாம்.

நிறுவுதல்

பைத்தானை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். நிறுவும் முதல் திரையில் ‘பாத்’தில் சேர்க்கவா என்று கேட்கிற சின்னக் கட்டம் இருந்தால் டிக் போட மறக்க வேண்டாம். அப்புறம் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘பிப் இன்ஸ்டால் பில்லோ’ என்று அடித்தால் படங்களைக் கையாளும் நூலகம் வந்துவிடும். நிறுவும்போது அதன் பெயர் பில்லோ, நிரலுக்குள் அழைக்கும்போது மூன்று பெரிய எழுத்தில் பிஐஎல். பழைய பிஐஎல் நூலகத்தின் தொடர்ச்சியாக வந்ததால் இந்த இரட்டைப் பெயர். ஐஃபோனில் எடுத்த ஹெச்இஐசி படங்களும் வருமென்றால் ‘பில்லோ-ஹெய்ஃப்’ என்பதையும் நிறுவிக்கொள்ளுங்கள். சாளரம் அமைப்பதற்கான டிகின்டர், விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

ஒரு படம் சரியாக வரட்டும்

நேராக நூறு படத்துக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்து, அது ஐயமில்லாமல் சரியாக வரும்வரை பைய வேலை பாருங்கள். இடையில் மூன்று நாலு இடங்களில் கால் இடறும்.

முதல் இடறல், கோப்பு இருக்கிற இடத்தை எழுதுவதில். விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்வுக் கோட்டை பைத்தான் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். சி டிரைவில் ‘யூசர்ஸ்’ என்று தொடங்கும் பாதையை அப்படியே ஒட்டினால் நிரல் ஓடவே ஓடாது. மேற்கோள் குறிக்கு முன்னால் ‘ஆர்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போடுங்கள், தீர்ந்தது.

இரண்டாவது, குப்புற விழும் படங்கள். ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல ஃபோன்கள் படத்தைப் படுக்கையாகத்தான் சேமிக்கின்றன. ‘காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும், படக் கோப்போடு சேர்ந்திருக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பு 1 முதல் 8 வரை ஓர் எண்; 6 என்றால் வலச்சுற்றாக 90 பாகை திருப்ப வேண்டும். பில்லோ படத்தைத் திறக்கும்போது இதைக் கண்டுகொள்ளாது. அதனால் திறந்த உடனேயே இமேஜ்ஆப்ஸ் பகுதியிலுள்ள எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் என்பதைக் கூப்பிடுங்கள். படம் உண்மையிலேயே நிமிர்ந்துவிடும். இதற்குப் பிறகு பழைய எக்ஸிஃப் தகவலை அப்படியே எடுத்துப் புதிய படத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஏற்கெனவே நிமிர்ந்த படத்தை, பார்க்கிற மென்பொருள் இன்னொரு தடவை திருப்பும்.

மூன்றாவது, நிறம். இதில்தான் நகைக்காரர்களுக்கு அதிகமாக அடிபடுகிறது. ‘கல்லு நல்ல ரத்தச் சிவப்பு, படத்துல ஏன் தம்பி வெளுத்துக் கிடக்கு?’ என்று கெம்புக் கல் பதித்த ஜிமிக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டால், அவர் கேட்பது நியாயம். ஐஃபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற விரிந்த நிற வரம்பில் சேமிக்கப்படுகின்றன. இந்த எண்களை எந்த வரம்பில் வாசிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் படத்தோடு கூடவே இருக்கும். பில்லோவில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது நாமாகக் கொடுத்தால் ஒழிய அந்த புரொஃபைல் புதிய படத்துக்குப் போகாது. அது போய்விட்டால் பிரவுசர் படத்தைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி நிற வரம்பு என்று நினைத்து வாசிக்கும். அடர்ந்த சிவப்பும் பச்சையும்தான் முதலில் வாடும்; கோவில் நகையில் இருப்பதோ முழுக்கச் சிவப்பும் பச்சையும் தங்கமும். ஆக, திறந்தவுடன் புரொஃபைலை ஒரு பெயரில் எடுத்து வைத்து, சேமிக்கும்போது திருப்பிக் கொடுங்கள். இணையத்துக்கு மட்டும் என்றால் இமேஜ்சிஎம்எஸ் பகுதியைக் கொண்டு எஸ்ஆர்ஜிபிக்கே மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

நாலாவது, பின்னணி இல்லாத பிஎன்ஜி படங்கள். ஜேபெக்கில் ஊடுருவித் தெரியும் பகுதி என்று ஒன்று கிடையாது. அதனால் அப்படிப்பட்ட படத்தை ஜேபெக்காகச் சேமிக்கச் சொன்னால் பில்லோ பிழை சொல்லி நின்றுவிடும். வெறுமனே சிவப்பு, பச்சை, நீலம் மட்டுமுள்ள ஆர்ஜிபிக்கு மாற்றினால் பின்னணி பெரும்பாலும் கறுப்பாகிவிடும். அதே அளவில் ஒரு வெள்ளைப் படத்தை உருவாக்கி அதன்மேல் ஒட்டுங்கள்.

இவ்வளவும் ஆனபின் சுருக்குவது எளிது. ரீசைஸ் என்று கூப்பிட்டால் நீங்கள் சொன்ன அகல உயரத்துக்குள் படத்தை நசுக்கித் திணிக்கும். ஆள் குண்டாகவோ ஒல்லியாகவோ ஆகிவிடுவார். தம்ப்நெயில் என்பதைப் பயன்படுத்துங்கள். 1600-க்கு 1600 என்று கொடுத்தால், 4000-க்கு 3000 பிக்சல் உள்ள படம் 1600-க்கு 1200 ஆகும். நின்ற படமானால் 1200-க்கு 1600. ஏற்கெனவே சின்னதாக இருக்கும் படத்தை அது பெரிதாக்காது என்பது இன்னொரு வசதி.

பெயர் பதிப்பது சுருக்கிய பிறகுதான். முன்னாலேயே பதித்தால் பெரிய படத்தில் பெயர் சின்னதாகவும் சின்னப் படத்தில் பெரிதாகவும் வரும். சுருக்கியபின், படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டால் எல்லாவற்றிலும் ஒரே சீராக இருக்கும்.

கடைசியாகச் சேமிப்பது. ஜேபெக் தரத்துக்குப் பில்லோ தானாக எடுத்துக்கொள்வது 75. நான் 85 வைக்கச் சொல்வேன். 95-க்கு மேல் போனால் கோப்பு வீங்குமே தவிர கண்ணுக்கு ஒன்றும் கூடாது. ஒரே தரத்தில் சேமித்தாலும் கோப்புகளின் எடை ஒன்றாக இருக்காது: தோவாளைச் சந்தையில் குவித்த பிச்சிப்பூ படம் கனமாக இருக்கும், சங்குத்துறையில் எடுத்த மேகமில்லாத வானம் லேசாக இருக்கும். நுணுக்கம் கூடக் கூட எடை கூடும், அவ்வளவுதான். கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

தமிழில் கடைப் பெயர்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் ஆங்கில வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் கிடைக்காது. பில்லோவில் எழுத்தைப் படத்தின்மேல் எழுத வழி இருக்கிறது. ஆங்கிலப் பெயரென்றால் ஒரு சிக்கலும் இல்லை. ‘நாகர்கோவில்’ என்று எழுதச் சொன்னால் பில்லோவின் அடிப்படை முறை ஒவ்வொரு குறியையும் சேமித்திருக்கும் வரிசையிலேயே வைத்துக்கொண்டு போகும். ‘கோ’வில் ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘தோவாளை’யில் இரண்டு இடத்தில் கெடும். ‘குளச்சல்’ என்றால் ‘கு’ சேராமல் உகரக் குறி தனியே தொங்கும். ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பதால் இது தீராது. எழுத்துகளை இடம் பார்த்துச் சேர்க்கும் வேலையே அங்கே நடக்கவில்லை.

அந்த வேலையைச் செய்வது ராக்ம் என்ற நூலகம். 8.2 பதிப்பிலிருந்து பில்லோவோடு அது சேர்ந்தே வருகிறது, ஆனால் ஃப்ரிபிடி என்ற இன்னொரு கோப்பும் கணினியில் இருந்தால்தான் இயங்கும். லினக்ஸில் ஃப்ரிபிடியை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். விண்டோஸில் அந்தக் கோப்பை நாமே தேடிச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். புதியவர்களுக்கு அது வீண் தலைவலி.

நான் சொல்லும் வழி இது. கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் கடைப் பெயரை உங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவில் ஒருமுறை எழுதுங்கள். வெள்ளை எழுத்து, சுற்றிலும் மெல்லிய கறுப்பு நிழல். இந்த இரண்டும் இருந்தால் வெளிச்சமான படத்திலும் இருட்டான படத்திலும் வாசிக்க முடியும். பின்னணி இல்லாத பிஎன்ஜியாக, 2000 பிக்சல் அகலத்தில் சேமியுங்கள். கருவி அந்தப் பிஎன்ஜியைத் தேவையான அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒட்டினால் போதும். ஒட்டும் கட்டளையில் அதே பிஎன்ஜியை மாஸ்க் (எந்தப் பகுதியை மட்டும் ஒட்ட வேண்டும் என்று சொல்வது) என்ற இடத்திலும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால் ஒரு கட்டம் தெரியும். எழுத்து ஒருநாளும் உடையாது, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி வரும்.

இப்போது முழு ஃபோல்டர்

ஒரு படத்துக்கு எழுதியதை ஒரு செயற்கூறாக்கி, ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டுக் கூப்பிட வேண்டும். இங்கே ஒரு விதியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மூலப் படத்தின்மேல் எழுதவே கூடாது. இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்ற கட்டளை மூலத்தின்மேலேயே எழுதிவிடும். தெரிந்தவர்களுக்கு அது வசதி, கல்யாண வீட்டுப் படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஆபத்து. முகூர்த்தத்தை யாரும் மறுபடி நடத்தப் போவதில்லை. நம் கருவியில் வெளியீட்டு ஃபோல்டர் தனியாக இருக்கட்டும். உள்ளீடும் வெளியீடும் ஒரே ஃபோல்டர் என்றால் ஓட மாட்டேன் என்று கருவியே மறுக்கும்படி இரண்டு வரி எழுதிவையுங்கள். வெளியீட்டை மூலத்துக்கு உள்ளேயும் வைக்க வேண்டாம். துணை ஃபோல்டர்களையும் தேடும்படி எழுதியிருந்தால், அடுத்த தடவை ஓடும்போது ஏற்கெனவே பெயர் பதித்த படத்தில் இன்னொரு தடவை பெயர் விழும்.

கோப்பின் வால் (.jpg போல பெயரின் கடைசியில் வருவது) சில கேமராக்களில் பெரிய எழுத்திலும் சிலவற்றில் சின்ன எழுத்திலும் இருக்கும். சின்ன எழுத்தாக மாற்றிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிமிக்கி1 என்ற பெயரில் ஒரு ஜேபெக்கும் ஒரு பிஎன்ஜியும் இருந்தால், இரண்டும் வெளியே ஜேபெக்காக வரும்போது ஒன்று மற்றொன்றை அழிக்கும். பெயர் ஏற்கெனவே இருந்தால் பின்னால் ஓர் எண் சேர்க்கச் சொல்லுங்கள். வரிசை எண் கொடுப்பதாக இருந்தால் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பல இடங்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும்.

பாதியில் அறுந்த கோப்பு ஒன்றாவது எப்போதும் இருக்கும், மெமரி கார்டிலிருந்து காப்பி ஆகும்போது கேபிளைப் பிடுங்கினால் போதும். அதற்காக மொத்த வேலையும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு படத்தையும், பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை, எக்செப்ட் என்ற இரண்டுக்குள் வைத்து, முடியாததன் பெயரை ஒரு பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். படங்களை ஒன்றொன்றாகத் திறந்து மூடுவதும் முக்கியம். 4000-க்கு 3000 படம் ஒன்று பில்லோவில் திறந்து நினைவகத்தில் விரியும்போது சுமார் 48 எம்பி பிடிக்கும். முந்நூறை ஒன்றாகத் திறந்து வைத்தால் பத்து ஜிபிக்கு மேல் போய்விடும், கடையில் இருக்கிற பழைய கணினி தாங்காது.

வாட்ஸப்பில் வந்த படங்களை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது ஏற்கெனவே சுருக்கிய படம். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வருகிற மூலத்தில், ஃபோனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடமும் எக்ஸிஃபில் ஒளிந்திருக்கும். நாமாகக் கொடுக்காதவரை பில்லோ எக்ஸிஃபை ஜேபெக்கில் எழுதாது என்பதால், வீட்டில் வைத்து நகையைப் படம் எடுக்கிறவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. வீட்டு இடத்தை நகைப் படத்தோடு சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டியதில்லையே.

கேபி கணக்கு

பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு இது. விண்ணப்பங்களில் படம் இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தரத்தைக் குத்துமதிப்பாகக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டாம். படத்தை வட்டில் எழுதாமல் பைட்ஸ்ஐஓ மூலம் நினைவகத்திலேயே சேமித்து நீளத்தைப் பார்க்கலாம். தரம் 40-க்கும் 92-க்கும் நடுவில் தொடங்குங்கள். எடை கூடுதலா, கீழ்ப் பாதி. குறைவா, மேல் பாதி. இப்படிப் பாதிபாதியாகப் போனால் ஆறு தடவைக்குள் விடை கிடைத்துவிடும். 40-லும் அடங்காவிட்டால் தரத்தை இன்னும் கொல்லாமல் அளவைப் பத்து சதவீதம் சுருக்கிவிட்டு மறுபடி தேடச் சொல்லுங்கள். ஒரு கேபியை 1000 பைட் என்று கணக்கு வையுங்கள்; 1024 என்று எண்ணும் தளத்திலும் அது உள்ளே அடங்கும்.

சாளரம்

இதுவரை கறுப்புத் திரையில் ஓடியதற்கு டிகின்டரில் முகம் கொடுக்கலாம். உள்ளீட்டு ஃபோல்டர், வெளியீட்டு ஃபோல்டர், அளவு, ‘தொடங்கு’. விண்டோஸில் டிகின்டர் தமிழை ஒழுங்காகக் காட்டும், ஆகவே பட்டன் பெயர்களைத் தமிழிலேயே வையுங்கள். கடையில் உதவிக்கு நிற்கும் பெண்ணும் பயமில்லாமல் அழுத்துவார்.

படங்களைத் திருத்தும் லூப்பைப் பட்டனோடு நேராகக் கட்டினால் வேலை முடியும்வரை சாளரம் உறைந்து நிற்கும். கருவி செத்துவிட்டது என்று நினைத்து யாராவது மூடிவிடுவார்கள். லூப்பை ஒரு தனி த்ரெட்டில் (சாளரத்தோடு கூடவே பக்கத்தில் ஓடும் தனி ஓட்டம்) ஓட விடுங்கள். ஆனால் அந்த த்ரெட் சாளரத்தை நேரடியாகத் தொடக் கூடாது: ‘இத்தனையாவது படம் முடிந்தது’ என்பதை ஒரு கியூவில் (செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) போடட்டும், சாளரம் ஆஃப்டர் என்ற கட்டளையால் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கியூவைப் பார்த்துப் பட்டையை நகர்த்தட்டும். முடிவில், முடியாமல் போன படங்களின் பெயர்ப் பட்டியல் திரையில் தெரிய வேண்டும்.

‘மாதிரி பார்’ என்று ஒரு பட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முதல் படத்தை மட்டும் காட்டினால் பிரயோஜனமில்லை. இருப்பதிலேயே வெளிச்சமான ஒன்று, இருட்டான ஒன்று, நின்ற வாக்கில் ஒன்று, இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்துப் பார்க்க வசதி வேண்டும்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

பைஇன்ஸ்டாலர் என்பதைக் கொண்டு நிரலை இஎக்ஸ்இ (நேராகத் திறந்து ஓட்டும் கோப்பு) ஆக்கினால், பைத்தான் இல்லாத கணினியிலும் ஓடும். விண்டோஸுக்கு வேண்டியதை விண்டோஸிலேயே உருவாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருட்டும் வழியும் உண்டு, ஆனால் அப்படிச் செய்த கோப்பை ஆன்டிவைரஸ் சில நேரம் வீணாகச் சந்தேகிக்கும், திறக்கவும் தாமதமாகும். ஃபோல்டராகவே கொடுங்கள். பெயர் பதித்த பிஎன்ஜியை இஎக்ஸ்இக்கு உள்ளே புதைக்காமல் பக்கத்தில் வையுங்கள். கடைக்காரர் லோகோவை மாற்றினால் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றிவிடலாம், உங்களைத் தேட வேண்டாம்.

கொடுக்குமுன் அவருடைய சொந்தப் படங்களில் ஒரு முப்பதைக் காப்பி எடுத்து, அவர் கணினியிலேயே, அவர் கையாலேயே ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அவர் எந்தப் பட்டனுக்கு முன்னால் தயங்குகிறாரோ அதன் பெயரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.